சின்ன கிச்சன், காலி மேடை: சென்னை ஃபிளாட்டுக்கு ஓர் எளிய விளக்கம்

சென்னையில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் ஹாலை அளந்து பார்ப்பார்கள். பெட்ரூமில் கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்க இடம் மிஞ்சுமா என்று பார்ப்பார்கள். கிச்சனை மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குடிபோன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். குக்கரை இறக்கி வைக்க இடமில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் வெளியே போக வேண்டும். பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டால்தான் வெங்காயம் நறுக்க முடியும். "கிச்சன் ரொம்பச் சின்னது" என்று அலுத்துக்கொண்டு, அடுத்தது மாடுலர் கிச்சன் போடுகிறவர்களுக்குப் போன் செய்வோம்.

அந்தப் போனைச் செய்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. முதலில் என் தீர்மானத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கிற இரண்டரை அடி மேடை காலியாக இருந்தால் 50 சதுர அடி கிச்சனிலும் நிம்மதியாகச் சமைக்கலாம். அது நிரம்பிக் கிடந்தால் 100 சதுர அடியும் போதாது. அதனால் அலமாரி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, சுவரை இடிப்பதா வேண்டாமா என்ற எல்லாக் கேள்விகளையும் "இந்த இரண்டரை அடி மேடை காலியாக இருக்குமா?" என்ற ஒரே கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் சின்னது?

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்கு ஒரு குறைந்தபட்ச அளவு சொல்கிறது. சாப்பிடும் இடம் தனியாக இருந்தால் கிச்சன் 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். சாமான் அறை தனியாக இருந்தால் 4.5 சதுர மீட்டர் போதும். அங்கேயே சாப்பிடவும் வேண்டுமென்றால் 7.5 சதுர மீட்டர். நம் கணக்கில் 5 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 54 சதுர அடி. மேற்கு மாம்பலம், அயனாவரம், ஆதம்பாக்கம் பக்கத்துப் பழைய ஃபிளாட்டுகளில் சாதாரணமாகக் காணும் 6 அடிக்கு 8 அடி கிச்சன் 48 சதுர அடி வரும். விதி சொல்லும் எல்லைக்கு ஒட்டி நிற்கிற அளவு அது.

இந்த அளவில் நன்றாகச் சமைக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 அடி 3 அங்குலத்துக்கு 11 அடி. ரயில்களில் உணவுப் பெட்டியின் குறுகலான சமையலறையில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர் இதை யோசித்தார். எந்தப் பொருளை எடுக்க எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இடம் ஒதுக்கினார். அப்படிப்பட்ட சமையலறைகள் சுமார் 10,000 கட்டப்பட்டன. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் சொல்வதற்கு அதுதான் மூதாய்.

முக்கோணமும் நேர்கோடும்

கிச்சன் வடிவமைப்பு பற்றி எங்கே படித்தாலும் முதலில் வருவது வேலை முக்கோணம். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற கருத்து இது. சமைக்கிறவர் மூன்று இடங்களுக்கு இடையில்தான் ஓயாமல் நடக்கிறார்: ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ஒவ்வொரு பக்கமும் 4 அடி முதல் 9 அடிக்குள், மூன்றும் சேர்த்து 13 அடி முதல் 26 அடிக்குள் இருந்தால் நல்லது என்பது விதி. அதற்குக் குறைந்தால் இடித்துக்கொள்ளும். கூடினால் கால் வலிக்கும்.

6 அடிக்கு 8 அடி கிச்சனில் இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. முக்கோணத்தின் உள்ளே இருக்கிற விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சமையல் ஒரு வரிசையில் நடக்கிறது. பொருளை எடுக்கிறோம், கழுவுகிறோம், நறுக்குகிறோம், அடுப்பில் போடுகிறோம், இறக்கி வைக்கிறோம். அந்த வரிசையிலேயே இடங்களும் அமைந்தால் கை ஒரே திசையில் போகும். எடுக்கும் இடம், சிங்க், காலி மேடை, அடுப்பு, இறக்கி வைக்கக் கொஞ்சம் இடம். சின்ன கிச்சனில் முக்கோணம் ஒரு நேர்கோடாக மாறிவிடுகிறது. அது ஒரு குறையே இல்லை.

நம் சமையலை வைத்தே பார்க்கலாம். காலையில் ஒரு பக்கம் குக்கரில் பருப்பு, இன்னொரு பக்கம் தோசைக்கல். நடுவே தேங்காய்ச் சட்னி அரைக்க வேண்டும். மிக்ஸி மேடையின் மூலையில் இருக்கிறது, பிளக் பாயிண்ட் அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. மாவுப் பாத்திரத்தை எங்கே வைப்பது? சிங்கின் விளிம்பில் வைக்கிறோம், அது வழுக்குகிறது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மிக்ஸி ஜார், ஒயர் தோசைக்கல்லுக்கு மேலாகப் போகிறது. இது இடப் பற்றாக்குறை மாதிரி தோன்றும். உண்மையில் வரிசை குலைந்ததால் வந்த தவிப்பு. அதே மேடையில் சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் இரண்டரை அடி காலியாக இருந்து, மிக்ஸியும் அதன் பாயிண்டும் சிங்கிலிருந்து தள்ளி அடுப்பின் மறுபக்கம் இருந்தால் மாவுப் பாத்திரத்துக்கும் இடம் இருக்கும், கைக்கும் இடம் இருக்கும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்பு, கிழக்கு பார்த்துச் சமைப்பது என்பதோடு நீரும் நெருப்பும் ஒட்டி இருக்கக் கூடாது என்றும் சொல்வார்கள். வேலை வசதியும் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் கேட்கிறது. சிங்கையும் அடுப்பையும் பிரிக்கிற அந்த இடைவெளிதான் நமக்கு நறுக்கும் இடம்.

8 அடி மேடையைப் பங்கு போடுவது

8 அடி என்றால் 96 அங்குலம். சுவரோரத்தில் கழுவிய பாத்திரம் வடிய 6 அங்குலம் விட்டு, 20 அங்குலத்தில் ஒரே தொட்டி சிங்க் வைத்தால் 26 போயிற்று. அடுத்து காலி மேடை 30. அடுப்புக்கு 28. மிச்சம் 12 அங்குலம் அடுப்பின் மறுபக்கம் குக்கரை இறக்கி வைக்க. கணக்கு சரியாக முடிகிறது. ஆனால் இதில் ஃபிரிட்ஜ் இல்லை, தண்ணீர் கேன் இல்லை, கிரைண்டர் இல்லை. இரட்டைத் தொட்டி சிங்க் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது நறுக்கும் இடத்தைத்தான் தின்னும். சின்ன கிச்சனுக்கு ஆழமான ஒற்றைத் தொட்டிதான் என் சிபாரிசு. இட்லிப் பானையும் கடாயும் அதில்தான் படுத்துக் கழுவ வரும்.

இரண்டு பக்கமும் மேடை போடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. மேடையின் வழக்கமான ஆழம் 2 அடி. 6 அடி அகலத்தில் இரு பக்கமும் 2 அடி எடுத்தால் நடுவில் 2 அடிதான் மிஞ்சும். அதில் குனிந்து கீழ் அலமாரியைத் திறக்கவே முடியாது. ஒருவர் வேலை செய்ய 3 அடி நடைபாதை வேண்டும். இருவர் என்றால் மூன்றரை அடிக்கு மேல் தேவை. ஆகவே ஒரு பக்கம் 2 அடி, எதிர்ப்பக்கம் 1 அடி, நடுவில் 3 அடி. ஓர் அடி ஆழ அலமாரி ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்க வேண்டாம். எவர்சில்வர் டப்பாக்கள், தட்டு, டம்ளர், மிக்ஸி ஜார் எல்லாம் ஒரே வரிசையாக நிற்கும். பின்வரிசை என்று ஒன்று இல்லாததால் எதுவும் ஒளிந்துகொள்ளாது. 2 அடி ஆழ அலமாரியில் பாதி இடம் நாம் மறந்துபோன பொருளுக்குத்தான் போகிறது.

எல் வடிவ மேடையில் ஜன்னலடியில் சிங்க், நீள்சுவரில் அடுப்பு என்று வைப்பது நம் ஊரில் பரவலான அமைப்பு, நல்ல அமைப்பும்கூட. அதில் தொல்லை மூலைதான். கை எட்டாத அந்த மூலையின் அடியில் சுழல் தட்டு போடச் சொல்வார்கள். அதற்குச் செலவு அதிகம். மாதம் ஒருமுறை எடுக்கிற பெரிய பாத்திரத்தை அங்கே வைத்துவிட்டு, மேடைமேல் மூலையில் மிக்ஸியை நிறுத்தினால் போதும்.

ஃபிரிட்ஜை வெளியே கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோய்விடுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், கிச்சன் வாசலை ஒட்டி இருந்தால் இரண்டு எட்டு கூட நடப்போம், அவ்வளவுதான். தண்ணீர் எடுக்கவும் பால் எடுக்கவும் வருகிறவர்கள் சமைக்கிறவரை இடிக்க மாட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இருக்கிற என் சித்தி வீட்டில் கிச்சனைத் திருத்தியபோது முதலில் வெளியேறியது ஃபிரிட்ஜ்தான். அந்த இடத்தில் வந்தது ஓர் அடி ஆழ அலமாரி. கார்பென்டர், "அம்மா, ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் மேல வரைக்கும் கப்போர்டு அடிச்சிரலாம், நெறைய இடம் கெடைக்கும்" என்றார். "இடம் கெடைக்கும்ப்பா, எனக்குக் கை எட்டணுமே. ஜன்னல் பக்கம் ஒண்ணும் வேணாம், வெளிச்சம் வரட்டும்" என்றார் சித்தி. அந்த ஒரு பதிலில் அடுத்த பகுதி முழுக்க அடங்கிவிடுகிறது.

வாசலில் நின்று பாருங்கள்

ஓர் அறை விசாலமாகத் தோன்றுவது கண் எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறது என்பதைப் பொறுத்தது. கிச்சன் வாசலில் நின்று நேரே பாருங்கள். பார்வை எதில் போய் முட்டுகிறது? ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலா, பழைய நியூஸ்பேப்பர் கட்டிலா, இல்லை ஜன்னலிலா? எதிரே ஜன்னல் இருந்தால் அதை மறைக்கும் எதையும் வைக்காதீர்கள். நம் வீடுகளில் ஜன்னல் கம்பியில் கரண்டி தொங்கும், திட்டில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் நட்ட மணிபிளாண்ட்டும் நிற்கும். மணிபிளாண்ட் இருக்கட்டும், மற்றதை அகற்றிப் பாருங்கள். செலவே இல்லாமல் அறை மாறும்.

அடுத்தது பரண். சென்னை ஃபிளாட்டுகளில் ஏறத்தாழ 7 அடி உயரத்தில் 2 அடி ஆழத்துக்குக் காங்கிரீட் லாஃப்ட் ஓடும். கொலுப் பொம்மையும் பெரிய அண்டாவும் வேறெங்கே போகும்? லாஃப்டை இடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கீழே மறுபடி மேல் அலமாரி அடித்தால் சமைக்கிறவர் முகத்துக்கு நேரே ஒரு சுவர் வந்துவிடும். மேல் அலமாரி வேண்டுமென்றால் ஒரே சுவரில் மட்டும், ஓர் அடி ஆழத்துக்கு மேற்படாமல், மேடையிலிருந்து 20 அங்குலமாவது விட்டு வையுங்கள். லாஃப்டுக்குக் கதவு போட்டு, சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் அது சுவரோடு கலந்துவிடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். சுவரில் பெரிய டைல்ஸ் போட்டால் இடுக்குக் கோடுகள் குறையும், கண்ணுக்கும் அமைதி, தேய்க்கவும் எளிது. அந்த இடுக்குகளில் மஞ்சளும் எண்ணெயும் ஏறாமலிருக்க எபாக்ஸி கிரவுட் என்ற, கறை ஊறாத இடுக்குப் பூச்சைக் கேளுங்கள். ஹாலின் தரை டைல்ஸையே கிச்சனுக்குள்ளும் தொடரவிட்டால் இரண்டும் ஒரே இடமாகத் தெரியும். ஈரத்தில் வழுக்காத மேற்பரப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரை இடித்து ஓபன் கிச்சன் ஆக்குவது பற்றி. இதில் அவசரமே கூடாது. தூணும் உத்தரமும் தாங்குகிற கட்டடத்தில் நடுவில் நிற்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர்தான். எடுத்தாலும் கட்டடம் நிற்கும். அசோக் நகர், கே.கே. நகர் பக்கத்துப் பழைய குடியிருப்புகளில் 9 அங்குலச் சுவரே மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையோரப் புதிய உயரமான கட்டடங்கள் பலவற்றில் மைவான் முறையில் சுவர் முழுவதையும் காங்கிரீட்டாகவே வார்த்திருக்கிறார்கள். அங்கே எந்தச் சுவரையும் தொடக் கூடாது. சுத்தியல் படுவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்தாக வேண்டும், அசோசியேஷனிடமும் சொல்லியாக வேண்டும். மேஸ்திரி தட்டிப் பார்த்து "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னதை நம்பி இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் இருக்கிறது.

இடிக்கலாம் என்றே பொறியாளர் சொன்னாலும் முழுச் சுவரையும் எடுப்பது நம் சமையலுக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். மிளகாய் தாளித்தால் ஹாலில் இருப்பவர்கள் இருமுவார்கள். மீன் வறுத்த வாசனை சோபாத் துணியில் இரண்டு நாள் நிற்கும். மிக்ஸி ஓடினால் யாரும் போனில் பேச முடியாது. அதைவிட, மேடை உயரத்துக்கு மேல் மூன்றடிக்கு ஒரு பரிமாறும் திறப்பு வைத்து, நகரும் கண்ணாடிக் கதவு போடுவது நல்லது. தாளிக்கும்போது மூடிக்கொள்ளலாம், மற்ற நேரம் ஹாலில் படிக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். உள்பக்கம் திறக்கிற கிச்சன் கதவைக் கழற்றிவிட்டாலோ நகரும் கதவாக மாற்றினாலோ, அது மறைத்துக்கொண்டிருந்த சுவர் முழுக்க நமக்குக் கிடைக்கும்.

வெளிச்சமும் காற்றும்

நம் கிச்சன்களில் ஒரே ஒரு டியூப்லைட் எங்கே இருக்கும்? அடுப்புக்கு எதிர்ச்சுவரில், அதாவது சமைக்கிறவரின் முதுகுப் பக்கம். மேடைமேல் விழுவது அவருடைய நிழல். கருப்பு கிரானைட்டும் சேர்ந்தால் கத்தி எங்கே இறங்குகிறது என்பதே தெரியாது. லாஃப்டின் அடியிலோ மேல் அலமாரியின் அடியிலோ, அதன் முன் விளிம்பை ஒட்டி ஓர் எல்இடி பட்டை விளக்கு வைத்தால் வெளிச்சம் நேரே கைக்கு வரும். இந்தக் கட்டுரையிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான்.

காற்று இன்னும் முக்கியம். சித்திரை வைகாசியில் அடுப்பு முன்னால் நிற்பவருக்குத்தான் தெரியும் சென்னை வெயில். கோடைப் பிற்பகல்களில் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கம் ஜன்னல் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் நாம் சமைப்பது காலையில், கடல் காற்று கிளம்புவதற்கு முன்னால். ஆகவே எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை நம்பித்தான் இருக்க வேண்டும். அது அடுப்புக்கு அருகில், உயரத்தில் இருக்கட்டும். புதுக் காற்று எதிர்ப்புறத்திலிருந்து, வாசல் வழியாக வர வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் அது ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், புகை அடுப்புக்கு மேலேயே சுற்றும். சமைக்கும்போது ஃபேனை ஒட்டிய ஜன்னலைச் சாத்தி, கிச்சன் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

சிமினி வாங்குகிறவர்கள் குழாய் வழியாகப் புகையை வெளியே விடுகிற வகையைத்தான் வாங்க வேண்டும். காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிற வகை எண்ணெய்ப் பிசுக்கைக் குறைக்கும், சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றாது. குழாய் எவ்வளவு நேராக, குட்டையாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் சிமினி இருந்தால் புகையும் பிடிபடும், தலையும் இடிக்காது. ஜன்னலை மாற்றுகிற வாய்ப்பு வந்தால் நகரும் ஜன்னலைவிட வெளிப்புறம் திறக்கிற ஜன்னல் மேல். நகரும் இரட்டைக் கதவு ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். கொசுவலையைக் கழற்றிக் கழுவும்படி வைக்கச் சொல்லுங்கள், கிச்சன் வலை எண்ணெயில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

எது எங்கே

மேடை காலியாக இருக்க வேண்டுமென்றால் அதன்மேல் நிற்பவை வேறெங்கோ போக வேண்டும். ஒரு நாள் உட்கார்ந்து கிச்சனில் உள்ள எல்லாவற்றையும் எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: தினமும் தொடுவது, வாரம் ஒருமுறை, பண்டிகைக்கு. தினமும் தொடுவது முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், பயன்படுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். அஞ்சறைப் பெட்டியும் எண்ணெய்த் தூக்கும் அடுப்புக்குக் கீழே மேல் டிராயரில். கத்தியும் பலகையும் காலி மேடைக்குக் கீழே. அரிசி மூட்டை 25 கிலோ; அதைத் தரையோடு ஒட்டி, சக்கரம் வைத்த டப்பாவில். பண்டிகைச் சாமான் லாஃப்டில். வாரம் ஒருமுறை மாவரைக்கிற கிரைண்டர் மேடையில் இருக்கவே கூடாது. அதைத் தூக்கி இறக்குவதும் இடுப்புக்கு ஆகாது. சர்வீஸ் ஏரியாவில் முழங்கால் உயரத் திட்டு ஒன்று கட்டி, அங்கேயே பாயிண்ட் கொடுத்துவிட்டால் குனிந்து அரிசி தள்ளவும் வசதி, கழுவிய தண்ணீர் போகவும் வசதி.

கீழ் அலமாரிக்குப் பணம் செலவழிக்க முடிந்தால் கதவைவிட டிராயருக்குச் செலவழியுங்கள். டிராயரை இழுத்தால் பின்னால் இருப்பதும் நம்மிடம் வரும். கதவு போட்ட தட்டில் நாம்தான் மண்டியிட்டு உள்ளே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் அடுப்புக்கும் காலி மேடைக்கும் கீழே மட்டுமாவது. கம்பிக் கூடைகள் என்றால் 304 தர எவர்சில்வர் கேளுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் மட்டமானது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மரவேலைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீரைத் தாங்குகிற பிளைவுட், குறிப்பாகச் சிங்குக்கு அடியில். மரத்தூள் பலகையைத் தண்ணீர் படும் இடத்தில் வைக்கவே வேண்டாம், ஊதிப்போகும். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வீடென்றால் அலமாரியை 4 அங்குலப் பிளாஸ்டிக் காலில் நிறுத்தச் சொல்லுங்கள். பழைய வீட்டில் மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டுகள் இருந்தால் அவற்றை உடைக்காதீர்கள். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். முன்னால் ஒரு சட்டமும் கதவும் போட்டாலே போதும். மாடுலர் என்ற பெயருக்காக நல்ல கல்லை உடைத்துவிட்டுப் பலகை வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

கேஸ் சிலிண்டரில் மட்டும் அழகைப் பார்க்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்து முழுக்க மூடிவிட்டால் வாசனை வெளியே வருவதற்குள் உள்ளே நிறைந்துவிடும். கதவு போடுவதானால் கீழ்ப்பகுதியில் காற்றோட்ட இடுக்குகள் கட்டாயம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரெகுலேட்டரைக் கை நீட்டி அணைக்க முடிய வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உயரம், பாயிண்ட்

மேடை உயரம் வழக்கமாக 34 அங்குலம் வைப்பார்கள். யார் அதிகம் சமைக்கிறாரோ அவரை வெறுங்காலுடன் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே குறியுங்கள். 5 அடி உயரம் உள்ளவருக்கு 32 அங்குலம் சுகமாக இருக்கும். மேடைமேல் அடுப்பை வைத்தால் அது இன்னும் சில அங்குலம் உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பாத்திரத்தில் கிண்டுகிறவர் தோளைத் தூக்கிக்கொண்டு கிண்டுவதற்குக் காரணம் அதுதான்.

பிளக் பாயிண்டுகளை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மிக்ஸி, ஃபில்டர், சிமினி, கெட்டில் என்று இன்று இருப்பதை எண்ணி, மேற்கொண்டு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷனுக்கும் ஓவனுக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட். எதுவும் சிங்குக்கு மேலேயோ அடுப்புக்குப் பின்னாலோ வேண்டாம். ஈரக் கையோடு தொடுகிற இடம் என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கிற ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள்

ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால் இதில் பாதி முடியாது என்று தோன்றும். ஆனால் ஃபிரிட்ஜை வெளியே நகர்த்தவும், ஜன்னலை விடுவிக்கவும், சாமானைப் பிரித்து வைக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எதிர்ச்சுவரில் ஓர் அடி ஆழ இரும்பு ரேக் ஒன்று நிறுத்தினால் அலமாரி வேலையை அது பார்க்கும். பிளக்கில் சொருகுகிற எல்இடி பட்டையை லாஃப்டின் அடியில் ஒட்டுப் பட்டையால் ஒட்டலாம். மேடை நீளம் போதாவிட்டால் சிங்கின்மேல் பொருந்துகிற ஒரு மரப்பலகை செய்து வாங்குங்கள். நறுக்கும்போது போட்டுக்கொண்டு, கழுவும்போது எடுத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். சக்கரம் வைத்த சின்ன டிராலி ஒன்றில் மிக்ஸியையும் தண்ணீர் கேனையும் ஏற்றிவிட்டால் மேடை காலியாகிவிடும். வீடு மாறும்போது ரேக், பலகை, டிராலி, விளக்கு நான்கும் உங்களோடு வந்துவிடும். அடுத்த வீட்டுக் கிச்சன் இதைவிடச் சின்னதாக இருந்தாலும் அங்கேயும் முதல் நாளே பயன்படும்.